குழாயடிச் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி நெருங்கினாலே தண்ணீர் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

ஃபில்டர் விற்க வந்தவர் எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பி உள்ள ஒரு கருவியை வைத்தார். ஒரே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகி, சாக்கடை மாதிரி அழுக்கு திரண்டுவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. டி.டி.எஸ். மீட்டரில் எங்கள் தண்ணீர் 140 காட்டியது. இத்தனை நாளும் இதையா குடித்தோம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

அந்த அழுக்கு கம்பியிலிருந்து வந்தது. கருவியில் இருப்பவை இரும்புக் கம்பிகள். மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து, துருவாகத் திரண்டு மிதக்கிறது. மின்சாரம் பாய வேண்டுமானால் தண்ணீரில் கொஞ்சமாவது உப்புகள் கரைந்திருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் அவை அநேகமாக இல்லை; அதனால் கம்பி கரையவில்லை, தண்ணீர் தெளிவாகவே நின்றது. அடுத்த முறை யாராவது இந்த வித்தையைக் காட்ட வந்தால், அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டி.டி.எஸ். மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கரைந்த உப்புகளின் மொத்த அளவு. அதையும் மின்கடத்துதிறனை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. சாக்கடைக் கிருமி எத்தனை கலந்திருந்தாலும் அந்த எண் அசையாது. ஃப்ளோரைடா, நைட்ரேட்டா, வெறும் சுண்ணாம்பா என்று பிரித்துச் சொல்லவும் அதற்குத் தெரியாது. இளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக யாரும் இளநீரைக் கீழே கொட்டுவதில்லை.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டி.டி.எஸ். ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. உங்களுடையது 140. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும்படி அதில் எதுவும் இல்லை. 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதும் இதனால்தான். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. தாமிரபரணித் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவந்து, முக்கால் பங்கை வாறுகாலில் (சாக்கடையில்) விடுவதில் நியாயம் இல்லை.

ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் கவலைப்பட வேண்டியது கிருமிகளைப் பற்றி. அதற்குக் கொதிக்கவைப்பதே போதும். தண்ணீர் புரண்டு கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம். பத்து நிமிடம், கால் மணி நேரம் என்பதெல்லாம் கேஸுக்குக் கேடு. கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். செம்பை உள்ளே விட்டுக் கோராதீர்கள். குழாய் வைத்த பாத்திரமோ நீளக் கைப்பிடி அகப்பையோ நல்லது. கொதிக்கவைத்த தண்ணீர் கெடுவது பெரும்பாலும் கை பட்டுத்தான்.

இயந்திரம்தான் வேண்டும் என்றால் யு.வி. (புற ஊதாக் கதிர்), யு.எஃப். (நுண்வடிகட்டிச் சவ்வு) இரண்டும் சேர்ந்தது போதும். யு.வி. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் அதன் வீரியம் இறங்கிவிடும். எரிகிறதே என்று விட்டுவிடாமல் மாற்ற வேண்டும். கலங்கல் தண்ணீரில் யு.வி. வேலை செய்யாது, மண்துகளின் மறைவில் கிருமி தப்பிவிடும். கரண்ட் இல்லாத நேரத்துக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் கையிருப்பில் இருக்கட்டும்.

எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். திறந்ததும் முதலில் செம்பழுப்பாக வருகிறது, சில நாள் வாறுகால் நாற்றமும் இருக்கிறது. பக்கத்து வீடுகளில் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். குற்றம் தண்ணீர் தொட்டியிலா, பைப்பிலா?
– வாசகர், சேரன்மகாதேவி பக்கம்

நிறத்தையும் நாற்றத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். செம்பழுப்பு பெரும்பாலும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் துரு. பார்க்க அருவருப்பு, துணியில் கறை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. நாற்றம் அப்படியல்ல. வெள்ளையாகக் கலங்கி, டம்ளரில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்று.

குற்றம் எங்கே என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அரை அங்குல பைப் 20 மீட்டர் நீளத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் கொள்ளும். முக்கால் அங்குலம் என்றால் ஆறு லிட்டருக்கு மேல். ஆகவே முதல் ஒரு குடம் பிடித்த பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டால், கோளாறு உங்கள் வீட்டு இணைப்புப் பைப்பில். மூன்று குடம் தாண்டியும் மாறவில்லை, எதிர்வீட்டிலும் அதே நிறம் என்றால் தெருவின் மெயினில். முதல் குடத்தைக் கொட்ட வேண்டாம். செடிக்கு, வாசல் தெளிக்க, கக்கூசுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாற்றத்துக்கு வருவோம். 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிற பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் கசியும். மூன்று நாளைக்கு ஒருமுறை விடும் ஊரில் மீதி நேரமெல்லாம் பைப் காலி. அப்போது சுற்றிலும் நிற்கிற அழுக்கு அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது. மோட்டார் போட்டு உறிஞ்சும்போது இது இன்னும் மோசமாகும்: மெயினில் அழுத்தம் விழுந்து, வாறுகால் தண்ணீரையே இழுத்துக்கொள்கிறது. மோட்டார் போட்டவர் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்த வரிசை முழுவதற்கும் அது போய்ச் சேரும். குழாயில் நேரடி மோட்டார் சட்டப்படியும் தவறு. தண்ணீர் ஏறவில்லை என்றால் தரைமட்டத்துக்குக் கீழே சிறு தொட்டி கட்டி, அதில் தானாக விழவிட்டு, அங்கிருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றுவதே முறை.

எங்கே பார்ப்பது? மெயினிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் பைப் வாறுகாலைக் கடக்கிற இடத்தை முதலில் பாருங்கள். நம் ஊர்த் தெருக்களில் பாதிப் பிரச்சினை அந்த இரண்டடியில் இருக்கிறது. பிவிசி பைப்பை வாறுகாலின் உள்ளேயே விட்டு, நடுவில் ஒரு கப்ளிங்கும் போட்டிருப்பார்கள். தூர்வாருகிற மண்வெட்டி பட்டு அது விரிசல் விட்டிருக்கும். செய்ய வேண்டியது: அந்தத் துண்டை எடுத்துவிட்டு, இணைப்பே இல்லாத முழுநீளக் கறுப்பு ஹெச்.டி.பி.ஈ. ஹோஸ் போடுங்கள், வாறுகாலின் மேல்மட்டத்துக்கு மேலே கொண்டுபோங்கள், முடியாத இடத்தில் ஒன்றரை அங்குல பைப்புக்குள் நுழைத்து, இரண்டு முனையும் வாறுகால் சுவரைத் தாண்டி நிற்கும்படி விடுங்கள். பிளம்பருக்கு அரை நாள் வேலை.

மெயினில்தான் கோளாறு என்றால் புகாரை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். தேதி, தண்ணீர் விட்ட நேரம், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை நாற்றம் என்பது இருந்தால் ஓட்டையைத் தேடுபவருக்குத் தோண்ட வேண்டிய தூரம் குறையும். சரியாகும்வரை கொதிக்கவைக்காத தண்ணீரில் பல் துலக்கக்கூட வேண்டாம்.

மழைக்காலத்தில் ஆறு கலங்கி, குழாயிலும் செந்தண்ணீராக வருகிறது. படிகாரம் போடுகிறோம், சில நாள் தெளிகிறது, சில நாள் எவ்வளவு போட்டாலும் தெளிவதில்லை. என் மாமியார் தேத்தாங்கொட்டைதான் சரி என்கிறார்.
– வாசகி, முக்கூடல்

"எவ்வளவு போட்டாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணமாக இருக்கும். படிகாரம் தண்ணீரில் உள்ள காரத்தன்மையோடு சேர்ந்துதான் பஞ்சுபோல் திரண்டு மண்ணைக் கீழே இழுக்கும். மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்று வெள்ளத்தில் காரத்தன்மை குறைவு. படிகாரம் கூடினால் அந்தக் காரத்தன்மை தீர்ந்து, தண்ணீர் புளித்துப்போய், பஞ்சு திரளாது. கலங்கலும் நிற்கும், துவர்ப்பும் வரும். கட்டியைக் குடத்துக்குள் சுற்றுவதில் அளவு தெரியாது என்பதே தொல்லை.

இப்படிச் செய்யுங்கள். 10 கிராம் படிகாரத்தைப் பொடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வையுங்கள். 20 லிட்டர் தண்ணீருக்கு, லேசான கலங்கல் என்றால் இதில் 50 மில்லி, செம்மண் கரைசல் மாதிரி இருந்தால் 100 மில்லி. ஊற்றியதும் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள், பிறகு ஐந்து நிமிடம் மெதுவாக. இந்த மெதுவான கலக்கலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் அசைக்காமல் விட்டு, மேல்தெளிவை மட்டும் துணியில் வடித்து எடுங்கள். திரளவே இல்லையென்றால் படிகாரத்தைக் கூட்டாதீர்கள்; புதுத் தண்ணீரில் பாதி அளவு போட்டுப் பாருங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதும் சரி. தேத்தாங்கொட்டையைச் சொரசொரப்பான மண்பானையின் உட்புறத்தில் உரசி, தண்ணீர் விட்டுக் கலக்கினால் மண் படியும். தண்ணீர் புளிக்கும் தொல்லையும் இல்லை. கொஞ்சம் மெதுவாகத் தெளியும், அவ்வளவுதான். ஆனால் இரண்டுமே மண்ணைத்தான் இறக்குகின்றன. தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது குளோரின் போட வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது: கலங்கலில் குளோரின் போட்டால் மண்ணும் மக்கும் அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை. பிள்ளைகள் குடிக்க மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகர், களக்காடு

வாடை இருப்பது நல்ல செய்தி. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே தரம். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மேலே துணி மட்டும் மூடி இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் வாடை குறையும். வழக்கமாக அடிக்கும் வாடை திடீரென்று இல்லாமல் போகும் வாரத்தில்தான் நீங்கள் கடிதம் எழுத வேண்டும்.

சம்பையும் மாடித் தொட்டியையும் எப்படிக் கழுவுவது? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?
– வாசகர்கள், பாளையங்கோட்டை, வீரவநல்லூர், நாங்குநேரி

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கலங்கல் தண்ணீர் ஏறும் ஊரில் மழை முடிந்த மார்கழியில் ஒன்று, பங்குனியில் ஒன்று கட்டாயம். முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

முதலில் பவுடரைப் பற்றி. புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின். வெயிலிலும் ஈரத்திலும் அது பறந்துவிடும். கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தருவது சில சமயம் வெறும் சுண்ணாம்பு. மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாமல் கட்டி தட்டியிருந்தால் வாங்காதீர்கள். கால் கிலோ மட்டும் வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டில் வையுங்கள். உலோக டப்பா அரித்துப்போகும்.

ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டிக்கு: தண்ணீர் தீரும் நாளைப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் பைப் தொட்டியின் அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கும். அதன் கீழே தங்கும் வண்டலை மக்கிலும் துணியிலும் எடுத்தாக வேண்டும். சோப்பு வேண்டாம், நைலான் பிரஷ் போதும். பிறகு 10 லிட்டர் வாளியில் 10 கிராம் பவுடர், அதாவது தட்டையாக இரண்டு டீஸ்பூன். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பின் வாளியை நிரப்பி, பத்து நிமிடம் படியவிட்டு மேல்தெளிவை மட்டும் எடுங்கள். உட்சுவர், அடி, மூடியின் உள்புறம் எல்லாம் அதைத் தேய்த்து அரை மணி நேரம் விட்டு, கழுவி இறக்குங்கள். தொட்டியை நிரப்பி லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் குளோரின் போடு என்று பெரிய தொட்டிகளுக்குச் சொல்வதை வீட்டில் செய்ய நாங்கள் சொல்லமாட்டோம். ஆயிரம் லிட்டரை வீணாக்குவதுதான் மிச்சம்.

கழுவிய பின் தொட்டியை நிரப்பி 5 கிராம் பவுடரின் தெளிவை ஊற்றுங்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரும். வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். பைப்புக்குள்ளும் போக வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

சம்புக்கும் இதே கணக்கு. ஆனால் மூடிய சம்பில் திறந்தவுடன் இறங்கக்கூடாது. மோட்டார் ஒயரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள்; மேலே ஒருவர் நிற்காமல் கீழே ஒருவர் இறங்கக்கூடாது. தலை சுற்றுகிறது என்றால் உடனே ஏற வேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவது வழக்கமாக நடக்கிறது. பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். நச்சுவாயு கிளம்பும்.

தண்ணீர் சேர்த்து வைக்கும் டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். வெறுமனே கொட்டி நிரப்பினால் போகாது.

போர் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. சோப்பும் நுரைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?
– வாசகி, வள்ளியூர் பக்கம்

இரண்டும் வேறு வேறு. பருப்பும் சோப்பும் கடினத்தன்மையின் வேலை. சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோல் பாகத்தை இறுக்கிவிடும். ஏற்கத்தக்க கடினத்தன்மை 200, வேறு வழியில்லாவிட்டால் 600 மில்லிகிராம் வரை. பருப்புக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வையுங்கள். கடின நீரால் உடம்புக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். கெடுவது ஹீட்டரும் குழாயும்தான்.

பல்லில் கோடு வந்தால் ஃப்ளோரைடைச் சந்தேகிக்க வேண்டும். பாறை நிலத்து ஆழ்துளைக் கிணறுகளில் அது வரக்கூடும். ஏற்கத்தக்கது லிட்டருக்கு 1 மில்லிகிராம், மேல்வரம்பு 1.5. ருசியிலோ நிறத்திலோ தெரியாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும். பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை குடிக்கும் தண்ணீர்தான் இந்தக் கோட்டைப் போடுகிறது. வந்த கோடு தானாக மறையாது. குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக்குடிநீர்த் திட்டத் தண்ணீர் கிடைத்தால் போரைக் குளிக்கத் துவைக்க மட்டும் வையுங்கள். அது கிடைக்கவில்லை, ஃப்ளோரைடு அளவும் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தால், அப்போது ஆர்.ஓ. வாங்குங்கள். அதற்கான இடம் இதுதான்.

எங்கள் வீட்டுப் பிறந்த குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கப் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறோம், சரிதானே?
– வாசகி, மானூர்

நைட்ரேட் அளவு தெரியாமல் வேண்டாம். வரம்பு 45 மில்லிகிராம்; இதில் தளர்வே கிடையாது. உரம் போடும் வயல், மாட்டுத் தொழுவம், கக்கூஸ் குழி இவற்றின் பக்கத்தில் உள்ள போரிலும் கிணற்றிலும் அது ஏறும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இரத்தம் ஆக்சிஜனை எடுத்துச்செல்லும் திறனைக் குறைத்துவிடும்; உதடும் நகமும் நீலம் பாயும். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. தாய்ப்பால் தரமுடிந்தால் இந்தக் கவலையே இல்லை.

செப்புக் குடத்தில் வைத்தால் கிருமி சாகுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

இரவு முழுக்க வைத்தால் குறையும். பச்சை பிடித்த குடத்திலும் கலங்கல் தண்ணீரிலும் இதை நம்பக்கூடாது. வயிற்றுப்போக்கு பரவியிருக்கும் நாட்களில் கொதிக்கவைத்த பிறகு ஊற்றுங்கள். எலுமிச்சை, புளி கலந்ததை அதில் வைக்காதீர்கள்.

தண்ணீரை எங்கே, எப்படிப் பரிசோதிக்கக் கொடுப்பது?
– பலர்

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் திருநெல்வேலியில் இருக்கிறது; தனியாரும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான கேன். அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். எண்ணெய் கேன், கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம்.

கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதற்குள் குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருப்பார்கள், அலசிவிடாதீர்கள். குழாய் மூக்கைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்புறத்தைத் தொடாமல் பிடியுங்கள். மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் வைத்த பையில் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். கேட்கும்போது "எல்லாம் பாருங்கள்" என்று சொல்லாமல், குழாய்த் தண்ணீர் என்றால் ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி), கலங்கல், மிஞ்சிய குளோரின் என்றும், போர் என்றால் ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, குளோரைடு, டி.டி.எஸ். என்றும் கேளுங்கள். மிஞ்சிய குளோரினை மட்டும் குழாயடியிலேயே பார்க்க வேண்டும். பாட்டிலில் போகும் வழியிலேயே அது தீர்ந்துவிடும். ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. போரைக் கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று என இரண்டு முறை பார்ப்பது நல்லது. உப்புகள் கோடையில் கூடும், கிருமி மழையில் கூடும்.